வீட்டிற் கற்கும் இளையோரும் நாவன்மையும்

கல்வியானது ஒருவனிடத்தே எவ்வாறு நிறைவெய்துகின்றது என்னும் வினாவிற்குப் பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பொதுப்பாயிரத்திற் கணக்கிட்டே விடை கூறியுள்ளார். ஆசிரியர் உரைப்பதை எத்துணை அமைவாகக் கேட்டுக் கொண்டாலும் மாணாக்கன் அதனாற் பெறுவது காற்கூறு புலமையே. உடன் கற்பாரோடு கூடிப் பயில்வதனால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும். இது முனிவர் வகுத்த கணக்கு.

இக்கணக்கினை வீட்டிலிருந்து கற்கும் ஒரு பிள்ளைக்குப் பொருத்திப் பார்ப்போமாயின் திடுக்கிட நேரும். அப்பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் வாய்க்கலாம். நல்ல நூல்களும் வாய்க்கலாம். ஆயின் உடன் கற்பார் இலர். எடுத்துரைத்தற்கு அவையும் இல்லை. நான்கிலொரு கூற்றைப் பெற்று மூன்று கூற்றை இழந்து நிற்கும் அப்பிள்ளைக்கு அவ்விழப்பை ஈடுசெய்யும் வழி யாது? பன்னிரண்டு வயது முதற் பதினெட்டு வயது வரையுள்ள இத்தகைய இளையோர் சிலருக்கு இணுவிலிலே சபையிற் பேசும் பயிற்சி அளித்து வந்தவன் என்னும் அளவிலே யான் கண்டவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

வீட்டுக் கல்வி என்றதும் மேனாட்டு வழக்கமே பலர்க்கு நினைவில் வரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெற்றோர் தாமே விரும்பிப் பிள்ளைகளை வீட்டிலிருத்திக் கற்பிக்கும் முறை பரவியுள்ளது. 1993ஆம் ஆண்டளவில் அங்குள்ள ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டத்துக்கு இயைந்ததாயிற்று. அவ்வாறு கற்போர் பேச்சுப் பழக்கமின்றிப் போவர் என்னும் குறையை நீக்கும் பொருட்டு அவர்க்கெனத் தனி விவாதக் கழகமொன்று 1996இல் அங்கே தொடங்கப்பெற்றது. எமது நாட்டு நிலை வேறு. இங்கே 1945 முதல் இலவசக் கல்வி நிலவுகின்றது. ஐந்து வயது முதற் பதினான்கு வயது வரை கட்டாயமாயிருந்த கல்வி 2016இற் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. ஆதலின் வீட்டிற் கற்கும் எம்மவர் பெரும்பாலும் விருப்பத்தினால் அவ்வாறு கற்பவரல்லர். நெடுநோயாற் பாடசாலையை இழந்தவர், உடற்குறையால் வண்டியேறிச் செல்ல இயலாதவர், வெளிநாட்டிலிருந்து பெற்றோருடன் மீண்டு இங்குள்ள வகுப்பொன்றிற் பொருந்தாதவர், குடும்பச் சுமையால் இடைநின்று தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுபவர் என இவர்களை வகுக்கலாம். தொகையிற் சிலரேனும் எமது ஊர்களில் இலரல்லர்.

ஒரு காலத்தில் எம்முட் பலரும் வீட்டிற் கற்றவராகவே இருந்தோம் என்பதையும் மறத்தலாகாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அடுத்த பல மாதங்கள் எனக்குப் பாடசாலை என்பது ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரமும் குப்பி விளக்குமே. பின்னரும் குடும்ப நிலையாற் பாடசாலைக்கு மீளாது உயர்தரப் பரீட்சையைத் தனியே எழுதினேன். கலைமாணித் தேர்வையும் வெளிவாரியாகவே எழுதித் தேறினேன். எழுதுவது எனக்குக் கைவந்தது. ஆயின் ஆசிரியனாக நியமனம் பெற்ற முதலாண்டில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் நன்றியுரை கூறும்படி பணிக்கப்பட்டு மேடையேறியபோது, தலைவரை விளித்த பின்னர் ஒரு சொல்லும் எழவில்லை. தாளைப் பார்த்தேன், எழுத்துக்கள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. இரண்டு நிமிடம் நின்றுவிட்டு இறங்கினேன். சபையோர் இரக்கத்தாற் கைதட்டினர். அக்கைதட்டல் இன்றும் என் செவியில் உள்ளது. கற்றதை விரித்துரைக்கமாட்டாதாரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு வள்ளுவர் ஒப்பிட்டதன் பொருளை அன்றுதான் முற்றும் உணர்ந்தேன்.

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களையும் வள்ளுவர் அமைச்சியலில் வைத்தார். அரசனின் அவையிற் பேசவேண்டியவர் அக்காலத்தில் அமைச்சர் முதலாயினோரே. குடியாட்சி நடைபெறும் இக்காலத்திலோ கிராமசேவையாளர் அலுவலகம் முதல் நீதிமன்றம் வரை தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கவேண்டிய நிலை ஒவ்வொருவர்க்கும் உண்டு. ஆகலின் அவ்வதிகாரங்கள் இன்று யாவர்க்கும் உரியனவாயின.

தமிழிற் சபை நோக்கிப் பேசும் கலையின் வரலாற்றில் எமது யாழ்ப்பாணத்திற்குத் தனியிடம் உண்டு. 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை இரவு வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நல்லூர் ஆறுமுகநாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. நாவலர் என்னும் பட்டமும் இன்னும் வந்திலது. அதனைத் திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் அவர்க்கு வழங்கிற்று. அவர் கற்ற முறையை நோக்குக. திண்ணையிலும் புலவர் வீடுகளிலும் தமிழ் கற்றார். பின்னர் பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிற் கற்றுக் கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவர்க்குத் துணையாயிருந்தார். பாதிரிமார் வாரந்தோறும் மக்களைக் கூட்டிப் பேசும் முறையை அருகிருந்து கண்ட அவர் அம்முறையையே கோயில் மண்டபத்துக்குக் கொணர்ந்தார். செய்யுளுக்கு உரை கூறுதலே வழக்காயிருந்த இடத்தில், கொல்லாமை, கள்ளுண்ணாமை, தானம், வழிபாடு என ஒரு பொருளை எடுத்து உரைநடையில் விரித்துரைக்கும் வழக்கம் அவரால் வேரூன்றியது. நாவன்மையானது பிறவியோடு வருவதன்று, கண்டும் கேட்டும் செய்தும் பெறுவதே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நாவலர்க்கு முன்னரும் எம்மிடம் ஒரு பயிற்சிக்களம் இருந்தது. அதுவே புராண படனம். கோயிலிலே கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அச்செய்யுளுக்குப் பயன் சொல்வார். கேட்போருள் உழவரும் வணிகரும் முதியோரும் மகளிரும் உளர். வள்ளியம்மை திருமணப் படலம் வரும் நாளிற் கூட்டம் பெருகும். பயன் சொல்வோர் கூட்டத்தின் முகத்தை நோக்கியே விரிக்கவும் சுருக்கவும் கற்றுக்கொள்வர். வாசிப்பு ஒருவரிடத்தும் விளக்கம் மற்றொருவரிடத்தும் இருத்தலின், இளைஞன் ஒருவன் முதலில் வாசித்துக் குரலைப் பழக்கி, ஆண்டுகள் சில சென்றபின் பயன் சொல்லத் துணிவான். படிப்படியாக ஏறும் இவ்வேணியையே என் பயிற்சிக்கு மாதிரியாகக் கொண்டேன்.

முதற்படி மூச்சும் குரலும் ஆகும். நாதசுர, தவிற் கலைஞர்க்குப் பேர்போன எமதூரில் இதனை விளக்குவது எளிது. நாதசுரம் வாசிப்பவர் தோளை உயர்த்தி மூச்செடுப்பதில்லை. வயிறு முன்வர ஆழ மூச்சிழுத்துச் சிறிது சிறிதாக விடுகின்றார். அஞ்சிய பிள்ளையோ மார்பின் மேற்புறத்தால் மட்டும் மூச்செடுத்து, வாக்கியத்தின் நடுவிலேயே காற்றின்றித் தவிக்கின்றது. திருவிழாக் காலத்தில் மேளக்கச்சேரிக்கு முன்வரிசையில் அமர்ந்து கலைஞரின் மூச்சை எண்ணி வரும்படி ஏவுவேன். அதன் பின்னர் ஒரே மூச்சில் நீண்ட வாக்கியமொன்றை அமைதியாகச் சொல்லப் பழக்குவேன்.

இவ்வயதினர்க்கு உரிய இடர்ப்பாடு ஒன்றையும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். ஆண்பிள்ளைகளின் குரல்வளை இக்காலத்தில் வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்க, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி அளவு தாழ்கின்றது. இதனை எம்மவர் மகரக்கட்டு என்பர். பெண்பிள்ளைகளின் குரலும் சிறிது தாழும். வகுப்பிற் கற்கும் பையன் தன் தோழர்க்கும் அவ்வாறே குரல் உடைவதைக் கேட்டுச் சிரித்து ஆறுதலடைவான். வீட்டிற் கற்பவனுக்கு ஒப்பிட ஒருவரும் இலராதலின், தனக்கு மட்டும் ஏதோ கேடு நேர்ந்ததென எண்ணி வாய்மூடிக் கொள்வான். இஃது இயற்கை, சில காலத்தில் நிலைபெறும் என ஒருமுறை தெளிவாகச் சொல்வதே பாதி மருந்து. அக்காலத்தில் உரத்துக் கத்தப் பழக்குதல் தகாது.

இரண்டாம் படி உச்சரிப்பும் மொழிநடையும். இங்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எமது வழக்கிற் 'கதைத்தல்' என்பதே உரையாடலைக் குறிக்கும். 'பேசுதல்' என்றாலோ ஏசுதல் என்றும் பொருள்படும். யான் முதன்முதல் ஒரு பையனை எழுந்து நின்று பேசும்படி பணித்தபோது, "ஆரைச் சேர் பேசிறது?" என்று அவன் கேட்டான். சிரித்தேனாயினும் அவன் கேள்வியில் உண்மை உளது. வீட்டு மொழி வேறு, மேடை மொழி வேறு. பாடசாலைப் பிள்ளை காலைக் கூட்டத்திலும் மன்றத்திலும் மேடைத் தமிழை நாள்தோறும் கேட்கின்றது. வீட்டுப் பிள்ளை கேட்பது கதைப்பதை மட்டுமே. ஆகவே நாளொன்றுக்குக் கால்மணி நேரம் உரத்து வாசித்தலை விதித்தேன். பேச்சு வழக்கில் ழகரம் ளகரமாக ஒலிப்பது எம்மிடையே பெருவழக்கு. அதனைத் திருத்துதற்குத் தனிச்சொற்களை உருப்போடச் செய்வதிலும், அவ்வெழுத்து நிரம்பிய நல்ல உரைநடைப் பகுதியை வாசிக்கச் செய்தலே பயன் தந்தது. வீட்டு மொழியை இழிவென்று ஒருபோதும் கூறுதல் கூடாது. அது தாயின் மொழி. மேடை மொழி அதன்மேல் உடுத்தும் ஆடை என்றே விளக்குதல் வேண்டும்.

மூன்றாம் படி எடுத்துரைத்தல். இங்கிலாந்தில் வீட்டுக் கல்வி பற்றி 1886இல் நூலெழுதிய சார்லற் மேசன் என்னும் அம்மையார் ஒரு முறையை வற்புறுத்தினார். ஒரு பகுதியை ஒரே முறை வாசித்து, நூலை மூடிவிட்டுப் பிள்ளை தன் சொற்களாலேயே அதனை மீண்டும் சொல்லுதல் அம்முறையாகும். எமது பயன் சொல்லுதலும் இதற்கு உறவுடையதே. இப்பயிற்சியிற் பிள்ளை மூன்று தொழில்களைச் செய்கின்றது: கருத்தூன்றிக் கேட்கின்றது, முதன்மையானதையும் அல்லாததையும் பிரிக்கின்றது, வரிசைப்படுத்தி வாக்கியமாக்குகின்றது. உருப்போட்டு ஒப்புவிக்கும் பிள்ளை இம்மூன்றிலொன்றையும் செய்வதில்லை.

இவ்விடத்தில் ஒரு குறையை வெளிப்படையாகக் கூறவேண்டியுள்ளது. எமது பேச்சுப் போட்டிகளிற் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததையே பிள்ளைகள் ஒப்புவிக்கின்றனர். தலைவருக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம், பின்னர் ஏறியிறங்கும் ஒரே இராகம், ஈற்றில் ஒரு நன்றி. இடையில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் மறந்துபோம். யான் மேடையில் வாயடைத்து நின்றதற்கும் எழுதியதை உருப்போட்டமையே காரணம் எனப் பின்னர் அறிந்தேன். சொல்லை நம்பிச் சென்றவன் சொல் வாராதபோது வீழ்வான். பொருளை நம்பிச் சென்றவன் வேறு சொல்லால் எழுவான். ஆதலின் என்னிடம் பயில்வோர் சிறு அட்டையொன்றில் மூன்று குறிப்புக்களை மட்டும் எழுதலாம். தொடக்க வாக்கியமும் முடிவு வாக்கியமும் மனத்தில் உறுதியாக இருத்தல் வேண்டும். இடைப்பட்டன யாவும் அப்போதைக்கப்போது பிறத்தல் வேண்டும்.

நான்காம் படி அவை. வீட்டுப் பிள்ளைக்கு இயல்பாக வாய்க்காதது இதுவே. ஆகவே ஆசிரியர் மிக முயன்று தேடிக் கொடுக்கவேண்டியதும் இதுவே. முதல் வாரம் தாய் ஒருவரே அவை. அடுத்த வாரம் பாட்டியும் அயல்வீட்டாரும். பின்னர் வீட்டிற் கற்கும் பிள்ளைகள் மூவரை ஒரு முற்றத்தில் ஒன்றுகூட்டினேன். அன்றே நன்னூலார் கூறிய உடன் கற்பார் என்னும் காற்கூறு அவர்க்குக் கிடைத்தது. அடுத்தது ஊர் வாசிகசாலை. அங்கே பத்திரிகை வாசிக்க வரும் முதியோர் பத்துப் பேருக்கு அன்றைய செய்தியொன்றை ஐந்து நிமிடத்தில் விளக்குதல். முதியோர் இடைமறித்துக் கேள்வி கேட்பர், அதுவே வேண்டற்பாலது. மறுத்துரைப்பார் இல்லாத பேச்சு நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று கைவீசுதலை ஒக்கும். ஆகவே மூவருள் ஒருவரை ஒரு கொள்கையை நாட்டவும், மற்றொருவரை மறுக்கவும், மூன்றாமவரை நடுவராயிருந்து தீர்ப்புரைக்கவும் செய்தேன். மறுவாரம் இடம் மாறுவர். 1980இல் யாழ்ப்பாணத்திற் கம்பன் கழகம் தோன்றியபின் எம்மிடையே பெருகிய பட்டிமண்டபங்களை இவர்கள் கேட்டிருந்தமையால் இம்முறை அவர்க்கு எளிதிற் பிடிபட்டது.

அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். மேடையில் நெஞ்சு படபடத்தலும் நா வறளுதலும் கை நடுங்குதலும் கோழைமையின் அடையாளங்களல்ல. இடர் வருமென்று உடல் தன்னை ஆயத்தஞ் செய்யும் இயற்கைச் செயல்களே. அச்சம் அற்றுப்போகும்வரை காத்திருப்பவன் ஒருநாளும் பேசான். எழுந்தவுடன் பேசத் தொடங்காது, நின்று, ஒருமுறை மூச்செடுத்து, கேட்போரில் ஒருவரின் கண்ணை நோக்கி முதல் வாக்கியத்தை மெதுவாகச் சொல்லின், அடுத்த நிமிடத்திற் படபடப்புத் தணியக் காணலாம். கிரேக்க நாட்டு டெமொஸ்தெனிசின் முதற் பேச்சை ஏதென்சு நகரத்தார் எள்ளி நகைத்தனர் என்றும், அவர் நிலவறையில் ஒதுங்கியிருந்து பயின்று பின்னர் அந்நகரின் தலைசிறந்த நாவலரானார் என்றும் புளூட்டாக் எழுதியுள்ளார்.

திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு பேச்சுக்கு ஒரு குறையை மட்டும் சுட்டுதல் வேண்டும். அதுவும் பிறர் கேளாவண்ணம். வகுப்பிலுள்ள பிள்ளைக்கு ஆசிரியரின் கடுஞ்சொல் முப்பது பேரிடையே பகிர்ந்து கரையும். தனியே கற்கும் பிள்ளைக்கோ அது முழுவதும் ஒருவர்மேலேயே வீழும்.

இப்பயிற்சியால் விளைந்த பயன் யாது எனின், பரிசுக் கிண்ணங்களை யான் காட்டமுடியாது. பாடசாலைகளிடையே நடைபெறும் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் இவர்க்கு இடமில்லை. ஆயின் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். என்னிடம் பயின்ற மூவருள் ஒருவர் சிறுவயது முதல் நோய்வாய்ப்பட்டவர். வைத்தியர் எதைக் கேட்பினும் அவர் தாயே விடையிறுப்பார். பையன் நிலம் நோக்கியிருப்பான். பயிற்சி தொடங்கி ஏழு மாதங்களின் பின் ஒருநாள் வைத்தியர் கேட்டபோது, தாய் வாய் திறக்குமுன் அவனே பேசினான். நோவு எப்பொழுது தொடங்குகின்றது, எவ்விடத்திற் பரவுகின்றது, எந்த மருந்தை உண்டபின் என்ன நேர்கின்றது என மூன்று குறிப்புக்களாக வரிசைப்படுத்திக் கூறினானாம். தாய்க்கே தெரியாத செய்தியொன்று அவற்றுள் இருந்தது. இரவில் நோவு வந்தாலும் தாயின் உறக்கம் கலையுமென்று அவன் சொல்லாதிருந்திருக்கின்றான். வைத்தியர் மருந்தை மாற்றினார். அன்று மாலை அத்தாய் எனது வீட்டு வாயிலில் நின்று, "தம்பி இண்டைக்குத் தானே கதைச்சவன், மாஸ்ரர்" என்றார். வேறொன்றுஞ் சொல்லவில்லை. அவையஞ்சாமை என்பது ஆயிரவர் கூடிய மண்டபத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். இருவர் இருக்கும் சிறிய அறையும் ஓர் அவையே.

இனி, இதன்மேற் கூறப்படும் தடைகள் சிலவற்றை நோக்குவோம். பெண்பிள்ளைக்குப் பேச்சு எதற்கு என்பார் இன்றும் உளர். பிள்ளைகளுக்காக அலுவலகங்கள்தோறும் ஏறியிறங்கித் தம் வழக்கை உரைத்த தாய்மார் நிறைந்த நாடு இது. இக்கேள்விக்கு அவர்களே விடை. கைத்தொலைபேசியிலும் கணினித் திரையிலும் பேசிப் பழகினாற் போதாதா என்பது மற்றொன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது யாவரும் திரைவழியே கற்பித்தோம், கற்றோம். அக்காலத்திலே திரையை மறைத்து ஒலியையும் அடைத்துக்கொண்டு மாணாக்கர் அமைதியாயிருந்ததை ஆசிரியர் யாவரும் அறிவர். திரை செய்தியைக் கொண்டு சேர்க்கும். முகத்தைக் கண்டு பேச்சை மாற்றும் திறனை அது முற்றத் தராது. எனினும் நடமாட இயலாத பிள்ளைக்கு அஃதொன்றே வாயிலாயின், அதனையும் தள்ளாது கொள்ளுதல் முறை. பரீட்சைக்கு உதவாத பயிற்சி எதற்கு என்பது மூன்றாவது தடை. எடுத்துரைக்கப் பழகிய பிள்ளை கட்டுரையிலும் வரலாற்று விடையிலும் பொருளை வரிசைப்படுத்தி எழுதுவதை யான் கண்டுள்ளேன். அதற்கு மேலும் விடை வேண்டுமாயின் நன்னூலாரின் அரைக்கூற்றை நினைவுகூர்க.

முடிவாக, இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். எமது கல்லூரிகளிற் பெரிய மண்டபங்கள் உள. வாரந்தோறும் மாணவர் மன்றம் கூடுகின்றது. கார்த்திகை மாதத்து மக நாளிலே நாவலர் குருபூசை கொண்டாடுகின்றோம். அவர்தம் நாவன்மையைப் புகழ்ந்து பேசுகின்றோம். அந்நாளில் அயலூர்களில் வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகளைத் தேடி அழைத்து, ஐந்து நிமிடம் எமது மேடையில் நின்று பேச இடமளிப்போமாயின், கல்லூரிக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. சாய்கதிரையில் வருபவர்க்கு மேடையேறப் பலகையொன்று சாய்த்தல் வேண்டும், அவ்வளவே. மாணாக்கர் அவர்களோடு வாதிடட்டும். ஆசிரியர் அவர்களைத் திருத்தட்டும். பழைய மாணவர் முன்வரிசையில் அமர்ந்து பொறுமையோடு கேட்கட்டும். ஒருவர் இடையிற் சொல்லிழந்து நின்றால், இரக்கத்தாற் கைதட்டி இறக்கிவிடாது, அடுத்த சொல் வரும்வரை காத்திருக்க. காத்திருக்கும் அவையே கற்பிக்கும் அவை. காற்கூறோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு முக்காற்கூற்றை வழங்கும் ஆற்றல் அவ்வவைக்கு உண்டு.